செங்டுவுக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கு: பழைய சாப்பாட்டுக் கடைகளைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2012 முதல் 2016 வரை நான் சீனாவின் சிச்சுவான் மாநிலத் தலைநகரான செங்டுவில் படித்தேன். சிச்சுவான் பல்கலைக்கழகத்தின் வாங்ஜியாங் வளாகத்தைச் சுற்றியுள்ள சந்துகளில்தான் நான்கு ஆண்டும் என் சாப்பாடு. எட்டு ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபரில், பன்னிரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். கையில் பதினொரு கடைகளின் பட்டியல் இருந்தது. ஐந்து கடைகள் அதே இடத்தில் இருந்தன. இரண்டு இடம் மாறியிருந்தன. ஒன்றில் பெயர்ப்பலகை மட்டும் பழையது, அடுப்படியில் ஆட்கள் புதியவர்கள். மூன்று கடைகள் இல்லவே இல்லை.

பதினொன்றில் ஏழு கிடைத்தது எனக்குப் பெரிய வரவு. இத்தனைக்கும் முதல் இரண்டு நாளில் மூன்றுதான் கிடைத்திருந்தன. மற்றவை கிடைத்தது தேடும் முறையை மாற்றிக்கொண்ட பிறகுதான். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அதன் அடிப்படை ஒன்றே: கடையைத் தேடாதீர்கள், கைப்பக்குவத்தைத் தேடுங்கள். செங்டு 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2 கோடியே 9 லட்சம் பேர் வாழும் நகரம். அங்கே சின்னக் கடைகள் வாடகைக் கட்டடத்தில் நடப்பவை. வாடகை ஏறும், தெருவைப் புதுப்பிப்பார்கள், கடை நகர்ந்துவிடும். சமைக்கிற கை மட்டும் பெரும்பாலும் அதே வட்டாரத்தில் இன்னொரு அடுப்பின் முன்னால் இருக்கும்.

நான் சொல்லும் கடைகள் சுற்றுலாக் கடைகள் அல்ல. செங்டுக்காரர்கள் இவற்றைச் ‘சாங்யிங் குவான்ஸ’ என்பார்கள். நேர்ப்பொருள், ஈக்கடை. நாலு மேசை, பிளாஸ்டிக் முக்காலி, சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. வசவு போலத் தோன்றும் இந்தப் பெயரை அவர்கள் வாஞ்சையோடுதான் சொல்கிறார்கள். 2010-ல் யுனெஸ்கோ செங்டுவை உணவுக்கலை நகரமாக அறிவித்தது. அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் இந்த ஈக்கடைகளுக்குச் சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் படி: பெயரை விடுங்கள், வேளையை எழுதுங்கள்

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு நோட்டை எடுத்து உட்காருங்கள். கடைப் பெயர்களை எழுதத் தொடங்கினால் நாலோடு நின்றுவிடும். நாம் சாப்பிட்ட கடைகளில் பாதிக்கு நமக்குப் பெயரே தெரியாது. ‘கிழக்கு வாசல் நூடுல்ஸ்’ என்று நண்பர்களுக்குள் சொல்லியிருப்போம், பலகையில் வேறு ஏதோ இருந்திருக்கும்.

அதனால் ஒவ்வொரு கடைக்கும் நான்கு விவரம் எழுதுங்கள். எந்த வேளையில் போவீர்கள், என்ன சாப்பிடுவீர்கள், சமைத்தவர் எப்படி இருப்பார், கடைக்கு அக்கம்பக்கத்தில் என்ன இருந்தது. என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருந்தது: ‘காலை ஏழரை. சாறில்லாத நூடுல்ஸ், மேலே வறுத்த கொத்துக்கறி. சுருட்டை முடி நியாங் நியாங். இடப்பக்கம் சாவி செய்பவர், எதிரே பழக்கடை.’

நியாங் நியாங் என்பது பெயரல்ல. சிச்சுவான் பேச்சில் அத்தை, சித்தி போன்ற உறவுமுறைச் சொல். நடுவயதுக்கு மேற்பட்ட எந்தப் பெண்மணியையும் அங்கே அப்படித்தான் அழைப்பார்கள், நாம் கடைக்காரரை அக்கா என்பதைப் போல.

நான்காவது விவரத்தை அலட்சியமாக விடாதீர்கள். சாப்பாட்டுக் கடை போய்விட்டாலும் சாவி செய்பவரும், சைக்கிள் பழுது பார்ப்பவரும், முடிதிருத்துபவரும் அங்கேயே இருப்பார்கள். கடைசியில் உங்களுக்கு வழி சொல்லப்போவது அவர்கள்தான்.

இரண்டாம் படி: வீட்டில் இருந்தபடியே பாதி வேலையை முடியுங்கள்

முதலில் பழைய கைப்பேசிப் படங்களைத் தோண்டி எடுங்கள். சாப்பாட்டுப் படங்கள் பலவற்றில் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு பதிந்திருக்கும். அதை அப்படியே கூகுள் மேப்பில் போட்டால் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும். சீன வரைபடங்கள் வேண்டுமென்றே சற்று இடம்பெயர்த்த தனி ஆயமுறையில் வரையப்பட்டவை. இது தெரியாமல் பலர் ஆற்றுக்கு எதிர்க்கரையில் நின்று கடையைத் தேடுகிறார்கள். ‘காவ்தே’, ‘பைது’ போன்ற சீன வரைபடச் செயலிகளில் தெருப்பெயரை வைத்துத் தேடுங்கள். பைதுவின் தெருக்காட்சியில் அதே இடத்தின் முந்தைய ஆண்டுப் படங்களும் பல தெருக்களுக்குக் கிடைக்கும். உங்கள் கடை எந்த ஆண்டுவரை அங்கே இருந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது ‘தியேன்பிங்’. 2003 முதல் இயங்கும் உணவக மதிப்பீட்டுத் தளம் இது. சீனாவில் சாப்பிடப் போகிறவர்கள் முதலில் திறப்பது இதைத்தான். கடைப் பெயர் தெரியாவிட்டால் பதார்த்தத்தின் பெயரையும் தெருப்பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம். வாடிக்கையாளர்கள் போட்ட படங்களில் மிகப் புதியவற்றை மட்டும் பாருங்கள். கிண்ணம் அதேதானா, மிளகாய் எண்ணெயின் நிறம் அதேதானா, படத்தின் ஓரத்தில் தெரியும் கை யாருடையது? மூடிய கடைகளின் பக்கத்திலும் பழைய படங்கள் இருக்கும். அவற்றைச் சேமித்து வையுங்கள், தெருவில் காட்டிக் கேட்க உதவும்.

பழைய நண்பர்களிடம் ‘அந்தக் கடை இன்னும் இருக்கிறதா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘இருக்கும் என்று நினைக்கிறேன்’ என்ற பதில்தான் வரும். ‘அந்தப் பக்கம் போகும்போது வாசலை ஒரு படம் எடுத்து அனுப்புகிறாயா?’ என்று கேளுங்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி இப்படி நான்கு கடைகளின் வாசலைப் படமெடுத்து அனுப்பினாள். அதில் ஒன்றில் மூடிய ஷட்டர், ஷட்டரில் ஒரு காகிதம். அந்தக் காகிதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு வேலை: இரண்டு மூன்று படங்களைக் காகிதத்தில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். கடை, அடுப்பு, சமைப்பவர் தெரிகிற படங்களாக இருக்கட்டும். கைப்பேசித் திரையை நீட்டுவதற்கும் ஒரு படத்தைக் கையில் கொடுப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

மூன்றாம் படி: விசா, பருவம், பணம்

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குச் சுற்றுலா விசா வேண்டும். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரி 9 முதல் 30 நாள்வரை விசா இல்லாமல் போகலாம். மலேசியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து விசா விலக்கு நடப்பில் இருக்கிறது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் சீனத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

சீனப் புத்தாண்டையொட்டிப் போகவே வேண்டாம். ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையில் வரும் பண்டிகை அது. பெரிய உணவகங்கள் திறந்திருக்கும். ஈக்கடைக்காரர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், பலர் புத்தாண்டின் பதினைந்தாம் நாளான விளக்குத் திருவிழா முடிந்துதான் திரும்புவார்கள். அக்டோபர் 1 முதல் 7 வரை தேசிய விடுமுறைக் கூட்டம். மார்ச், ஏப்ரல், அக்டோபர் இரண்டாம் பாதி, நவம்பர் ஆகியவை நல்ல மாதங்கள்.

பணம்தான் பழையவர்களைத் தடுமாற வைக்கும் விஷயம். நாம் இருந்தபோது சில்லறைக் காசு புழங்கிய தள்ளுவண்டிகளில்கூட இப்போது கியூஆர் அட்டை தொங்குகிறது. அலிபே, வீசாட் என்ற கைப்பேசிச் செயலிகள் இரண்டிலும் 2023 முதல் வெளிநாட்டு வங்கி அட்டைகளை (விசா, மாஸ்டர்கார்டு) எளிதாக இணைக்க முடிகிறது. 200 யுவானுக்குள் செலுத்தினால் கட்டணம் பிடிப்பதில்லை, நூடுல்ஸ் கடைக்கு அது தாராளம். இந்த இணைப்பைப் புறப்படும் முன் வீட்டிலேயே செய்து முடியுங்கள். பழைய வீசாட் கணக்கு பழைய சீன எண்ணோடு கட்டுண்டிருந்தால் அதை மீட்க ஒரு நண்பரின் உதவி தேவைப்படலாம். அந்த எண் இந்நேரம் வேறு யாரிடமோ போயிருக்கும்.

ரொக்கமும் எடுத்துச் செல்லுங்கள். சில சின்ன வண்டிக்காரர்கள் வைத்திருப்பது கடைக் கணக்கின் கியூஆர் அல்ல, தனிநபர் கணக்கினுடையது. வெளிநாட்டு அட்டை இணைத்த கணக்கிலிருந்து அதற்குப் பணம் போகாமல் நிற்பதுண்டு. ஐந்து, பத்து, இருபது யுவான் தாள்கள் ஒரு கட்டு இருந்தால் யாரையும் காக்க வைக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: பழைய வட்டாரத்திலேயே தங்குங்கள்

நகர நடுவில் வசதியான விடுதி கிடைக்கும். ஆனாலும் பழைய தெருவிலிருந்து நடக்கும் தொலைவில் அறை எடுங்கள். காலை ஆறரைக்கு அடுப்பு மூட்டுகிற கடையைப் பிடிக்க மெட்ரோவில் வந்து சேர முடியாது. சின்ன விடுதிகளில் வெளிநாட்டவரை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த வட்டாரக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். விடுதியில் தங்கினால் அவர்களே அதைச் செய்துவிடுவார்கள்.

ஐந்தாம் படி: முதல் நாள் நாக்கை எழுப்புவதற்கு

மனதுக்கு மிக நெருக்கமான கடைக்கு முதல் நாளே ஓடக்கூடாது. பயண அலுப்பு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ‘ஹுவாஜியாவ்’, அதாவது சிச்சுவான் மிளகு. சிச்சுவான் சமையலின் உயிர் இந்தக் காய்தான். பெயரில் மிளகு என்று சொன்னாலும் இது நம் மிளகின் இனமே அல்ல, எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதிலுள்ள சான்ஷூல் என்ற பொருள் நாக்கையும் உதட்டையும் கிறுகிறுக்க வைத்து மரத்துப்போகச் செய்யும். சில ஆண்டுகள் விட்டுவிட்டால் நாக்கு அந்தப் பழக்கத்தை மறந்துவிடுகிறது. முதல் நாள் சாப்பிட்டால் மரப்பு மட்டும்தான் தெரியும், அதன் பின்னாலிருக்கும் மணம் பிடிபடாது. நல்ல கடையின் சாப்பாட்டைத் தவறாக எடைபோட்டுவிடுவோம்.

ஆகவே முதல் நாளை எங்கும் ஓடிப்போகாத பழம்பெரும் கடைகளுக்குக் கொடுங்கள். 1862-ல் வான்ஃபு பாலத்தருகே தொடங்கிய சென் மாபோ தோஃபு, 1893-ஐத் தொடக்க ஆண்டாகச் சொல்லும் ஜோங் கொழுக்கட்டைக் கடை, 1941-ல் தொடங்கிய லோங் சாவ்ஷோவ் வொன்டன் கடை ஆகிய பெயர்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உள்ளூர் நண்பர்கள் ‘அது வெளியூர்க்காரர்களுக்கு’ என்று சொல்லித் தடுப்பார்கள். கேட்காதீர்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது ஓர் அளவுகோல். மாபோ தோஃபுவுக்கு எட்டு இலக்கணம் சொல்வார்கள்: மரப்பு, காரம், கொதிசூடு, மணம், மேலே தூவிய மாட்டுக் கொத்துக்கறியின் மொறுமொறுப்பு, தோஃபுவின் மென்மை, சுவையின் நிறைவு, தட்டுக்கு வரும்போதும் உயிரோடு இருப்பது போன்ற துடிப்பு. இந்த எட்டையும் ஒவ்வொரு வாயிலும் எண்ணிப் பார்த்துச் சாப்பிடுங்கள். மறுநாள் எந்த ஈக்கடையில் உட்கார்ந்தாலும் நாக்கு தானே கணக்குப் போடும்.

மதியத்துக்கு மேல் மக்கள் பூங்காவிலுள்ள ஹெமிங் தேநீரகம். 1923-லிருந்து நடக்கிறது. மூங்கில் நாற்காலி, மூடியும் தட்டும் கொண்ட கிண்ணத்தில் மல்லிகைத் தேநீர், காதுக் குறும்பி எடுப்பவர் தட்டி ஒலிக்கும் இடுக்கியின் ரீங்காரம். வெந்நீர் வேண்டுமென்றால் மூடியைச் சாய்த்து வையுங்கள், தானே வந்து ஊற்றுவார்கள். எழுந்து போய்த் திரும்பி வருவதானால் மூடியை நாற்காலியின் மேல் வைத்துவிட்டுப் போகலாம், இடத்தை யாரும் எடுக்க மாட்டார்கள். இந்தப் பழக்கங்கள் கைக்குத் திரும்பும்போது ஊரும் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

இரவு வென்ஷு மடாலயத்தின் பக்கம் போனால் ‘தியேன்ஷுய் மியேன்’ சாப்பிடுங்கள். சாப்பாட்டுக் குச்சியளவு தடிமனில் ஏழெட்டு இழைகள்தான் ஒரு கிண்ணத்தில் இருக்கும். சர்க்கரையும் மசாலாவும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டியான சோயா சாறு, எள் விழுது, பூண்டு, மிளகாய் எண்ணெய். இனிப்பு முதலில் வரும், காரம் பின்னால் வரும்.

ஆறாம் படி: பழைய வழியில் நடந்து போங்கள்

நான் படித்த காலத்தில் வளாகத்துக்கு மெட்ரோ கிடையாது. பஸ்தான். 2020 டிசம்பரில் திறந்த 8-ஆம் தடத்தில் இப்போது பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. வசதியை மெச்சிக்கொண்டு அதில் போய் இறங்கினேன். வெளியே வந்ததும் திசையே தெரியவில்லை. நான்கு ஆண்டு நடந்த தெருவில் நின்றுகொண்டு வரைபடத்தைப் பார்த்தேன்.

மறுநாள் ஜியூயான் பாலத்தருகே இறங்கி, அந்தக் காலத்தில் நடந்த அதே வழியில் நடந்தேன். பாலத்திலிருந்து ஆற்றோரம், அங்கிருந்து வலப்பக்கச் சந்து, ஒரு மேடு, ஒரு திருப்பம். கண்ணுக்குத் தெரியாதது காலுக்குத் தெரிந்திருந்தது. கட்டடங்களுக்குப் புது வண்ணம் பூசி, பலகைகளை எல்லாம் ஒரே அளவில் மாட்டியிருந்தார்கள். அப்படியிருந்தும் ‘இங்கே நிற்க வேண்டும்’ என்ற இடத்தில் கால் தானாக நின்றது. ஆகவே முதல்முறை போகும்போது பழைய பஸ் நிறுத்தத்தில் இறங்கி, பழைய வேளையில் நடந்து போங்கள்.

கடை மூடியிருந்தால் ஷட்டரை நெருங்கிப் பாருங்கள். இடம் மாறுகிற கடைக்காரர்கள் பெரும்பாலும் ஒரு காகிதத்தில் புது முகவரி எழுதி ஒட்டிவிட்டுத்தான் போவார்கள். ‘பான்ச்சியேன்’ என்றால் இடமாற்றம். தோழி அனுப்பிய படத்தில் இருந்ததும் அதுதான். நான் போய்ச் சேர்ந்தபோது மழையில் பாதி கிழிந்து, தெருப்பெயரில் முதல் எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. சுவரில் வட்டத்துக்குள் ‘ச்சாய்’ என்ற எழுத்து எழுதியிருந்தால் இடிக்கப்போகிறார்கள் என்று பொருள். அப்போது விரைந்து விசாரியுங்கள், அக்கம்பக்கத்தாரும் கலைந்துபோவதற்குள்.

யாரைக் கேட்பது என்பதில் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பு வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கு அந்தத் தெருவின் இருபதாண்டுக் கதை தெரியும். மாஜோங் ஆட்ட மேசையைச் சுற்றியிருக்கும் முதியவர்களுக்கு யார் எங்கே போனார்கள் என்பது மட்டுமல்ல, ஏன் போனார்கள் என்பதும் தெரியும். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்குப் பலகையே இல்லாத அடுக்களைகள்கூடத் தெரியும். ஆனால் அவர்களைச் சாப்பாட்டு வேளையில் நிறுத்தாதீர்கள், ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் கூலி. மதியம் மூன்று மணிக்கு நிழலில் வண்டியை நிறுத்தி ஓய்வெடுப்பார்கள், அப்போது கேளுங்கள்.

என் நோட்டில் இருந்த சாவிக்காரர் அங்கேயே இருந்தார். அச்சிட்ட படத்தை நீட்டினேன். பார்த்துவிட்டு அரத்தைக் கீழே வைக்காமலே, ‘காய்கறிச் சந்தை, மாடி’ என்றார். இரண்டு தெரு தள்ளி இருந்தது சந்தை. மாடிப்படி ஏறியதும் பத்துப் பதினைந்து சின்ன அடுப்படிகள். எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவருடைய முடி இப்போது சுருட்டையாக இல்லை, நரைத்துக் குட்டையாக வெட்டியிருந்தது. முகத்தைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

செங்டு நூடுல்ஸ் கடையில் கிண்ணத்தில் முதலில் விழுவது நூடுல்ஸ் அல்ல. கிண்ணங்களை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் சோயா சாறு, வினிகர், பூண்டு கரைத்த தண்ணீர், ஹுவாஜியாவ் பொடி, ‘யாசாய்’ என்ற ஊறிய கடுகுக்கீரைத் தண்டின் பொடிநறுக்கு என்று விறுவிறுவெனப் போட்டுக்கொண்டே போவார்கள். கடைசியில் மிளகாய் எண்ணெய். இந்த இடத்தில்தான் ஆளுக்கு ஆள் கை மாறும். மற்றவர்கள் கரண்டியை உள்ளே விட்டு அள்ளிவிடுவார்கள். இவர் கரண்டியின் முதுகால் மிளகாய் வண்டலை ஒருபுறம் ஒதுக்கி, மேலே தெளிந்து நிற்கும் சிவந்த எண்ணெயை மட்டும் முதலில் எடுப்பார். அதை ஊற்றிவிட்டு, வண்டலில் நுனிக்கரண்டி அளவு எடுத்து நடுவில் வைப்பார். எண்ணெய் மணத்துக்கு, வண்டல் காரத்துக்கு. பிறகு வோசுன் கீரையின் நுனி இலைகளைக் கொதிநீரில் காட்டி அடியில் போட்டு, மூங்கில் அரிப்பில் நூடுல்ஸை எடுத்து மூன்று முறை உதறி, மேலே சாய்ப்பார். அந்த ஒதுக்கலையும் மூன்று உதறலையும் நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

அவருக்கு என்னை நினைவில்லை. ஆண்டுக்கு நூறு மாணவர்கள் வந்துபோகிற தெரு அது. ‘என்னைத் தெரிகிறதா?’ என்று கேட்டு அவரைச் சங்கடத்தில் ஆழ்த்தவும் இல்லை. படத்தைக் கொடுத்தேன். கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். படத்தில் அவர் பார்த்தது தன்னை அல்ல, பின்சுவரில் தொங்கிய விலைப்பலகையை. ‘இரண்டு லியாங் ஏழு யுவான்!’ என்று உரக்கப் படித்தார். லியாங் என்பது நூடுல்ஸை எடைபோடும் அளவு. மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து அடுப்படிக்காரர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். இப்போது அதே கிண்ணம் பன்னிரண்டு யுவான். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பி, ‘எந்த ஊர் நீ? உட்கார், உட்கார்’ என்றார்.

ஏழாம் படி: கொஞ்சமாகக் கேளுங்கள், பல இடங்களில் சாப்பிடுங்கள்

பன்னிரண்டு நாளில் பதினொரு கடை என்றால் வயிறு தாங்காது என்று தோன்றும். செங்டுவில் அதற்கு வழி உண்டு. அங்கே நூடுல்ஸைத் தட்டுக் கணக்கில் அல்ல, எடைக் கணக்கில் கேட்பார்கள். ஒரு லியாங் என்றால் 50 கிராம். பசியுள்ளவர் மூன்று லியாங் கேட்பார். நீங்கள் ‘யீ லியாங்’ என்று ஒன்று மட்டும் கேளுங்கள். ஒரே காலையில் மூன்று கடைகளைப் பார்த்துவிடலாம். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

காரம் குறைவாக வேண்டுமானால் ‘வெய் லா’. பொட்டலம் கட்டச் சொல்ல ‘தாபாவ்’, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்தச் சொல்லை நான் கற்றுத்தர வேண்டியதில்லை. புலால் உண்ணாதவர்கள் ‘சீ சூ’, சைவம் சாப்பிடுகிறேன், என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடக்கூடாது. கறி போடாத கிண்ணத்திலும் பன்றிக் கொழுப்பு ஒரு கரண்டி விழும். ‘பூ யாவ் ஜூயோ’, பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். சாறும் பெரும்பாலும் எலும்புச் சாறுதான் என்பதால் சாறில்லாத வகையைக் கேளுங்கள். வென்ஷு மடாலயத்தின் சைவ உணவகத்தில் இந்தக் கவலையே இல்லை. ஹலால் உணவு தேடுகிறவர்கள் ‘சிங்ஜென்’ என்ற பலகையுள்ள கடைகளையும், தியேன்ஃபு சதுக்கத்தை அடுத்த ஹுவாங்செங் பள்ளிவாசல் பக்கத்தையும் பார்க்கலாம்.

வேளை தவறாதீர்கள். ஈக்கடைகள் பல மதியம் இரண்டுக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஐந்துக்கு மேல்தான் மறுபடி மூட்டும். கூட்ட நேரத்துக்கு அரை மணி முன்பே போனால் சமைப்பவரோடு நாலு வார்த்தை பேச முடியும்.

எட்டாம் படி: சுவை மாறிவிட்டது என்று சொல்வதற்கு முன்

அதே இடத்தில் இருந்த ஐந்து கடைகளில் ஒன்றில் ‘ஹுவேய்குவோ ரோ’ சாப்பிட்டேன். வேகவைத்த பன்றிக்கறியைச் சீவி மறுபடி வாணலியில் புரட்டுகிற பதார்த்தம். உப்புக் கூடுதலாகவும் மணம் குறைவாகவும் பட்டது. வருத்தத்தோடு எழுந்து வந்தேன். மனம் கேட்காமல் நான்கு நாள் கழித்து மறுபடி போனேன். அப்போது சாப்பிட்டது நான் நினைவில் வைத்திருந்த சுவையேதான்.

இடையில் மாறியது எது என்று சமைப்பவரிடமே கேட்டேன். முதல் முறை நான் போனபோது பூண்டுத்தாள் முற்றியிருந்ததாம், வேறு கிடைக்கவில்லையாம். இந்தப் பதார்த்தத்தின் மணமே பூண்டுத்தாளில்தான் இருக்கிறது. அடுத்தது ‘தோபான்ஜியாங்’. மொச்சை வகைப் பயறையும் மிளகாயையும் புளிக்கவைத்துச் செய்யும் விழுது. செங்டுவுக்கு வடமேற்கே பீஷியேனில் செய்வது பேர்பெற்றது. பானைகளை வெயிலில் திறந்தும் மழையில் மூடியும் ஓராண்டு, சில வேளை அதற்கு மேலும், வளர்ப்பார்கள். இளம் விழுது செந்நிறமாக உப்புத் தூக்கலாக இருக்கும், முதிர்ந்தது கறுத்து மணக்கும். ஒரு பானை முடிந்து அடுத்த பானை திறந்தாலே சுவை ஒரு படி நகரும். இவ்வளவும் இருக்க, ஒரே ஒரு தட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அந்தக் கைக்குச் செய்யும் அநியாயம். ஒரு கடைக்கு இரண்டு முறை போங்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்று நாளாவது இருக்கட்டும்.

பெயர்ப்பலகை மட்டும் பழையதாக இருந்த கடைக்கும் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் ஒரே மாதிரி இல்லை, இரண்டுமே பழையதும் இல்லை. அங்கே நின்று குறை சொல்லவில்லை. பழைய சமையல்காரர் எங்கே என்று மட்டும் கேட்டேன். ஊருக்குப் போய்விட்டார், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார் என்றார்கள்.

ஒன்பதாம் படி: கடை இல்லை என்றால்

மூன்று கடைகள் எனக்குக் கிடைக்கவே இல்லை. அதில் ஒன்று கடைகூட அல்ல, ஒரு வண்டி. ‘தான் ஹோங் காவ்’ சுடுகிற ஒரு பெரியவர் மாலை நாலு மணிக்குப் பள்ளி விடும் நேரத்தில் வருவார். உள்ளங்கை அகலப் பித்தளைச் சட்டியில் முட்டையும் வெல்லமும் கலந்து புளித்த மாவை ஊற்றி மூடுவார். நம் ஆப்பத்தைப் போலவே ஓரம் முறுகி, நடு பஞ்சுபோல் எழும்பும். உள்ளே எள்ளும் சர்க்கரையும் அல்லது ஊறுகாய்த் துருவலும் வைத்து மடித்துத் தருவார்.

அவரைத் தேடி மூன்று மாலைகள் பள்ளி வாசலில் நின்றேன். காவலாளி, ‘நோய்த்தொற்றுக் காலத்துக்குப் பிறகு வரவில்லை’ என்றார். இப்படி நேரும்போது செய்ய வேண்டியது, அதே பதார்த்தத்தை அதே முறையில் செய்கிற வேறு கையைத் தேடுவது. வண்டியில் சுடுபவர்களில் மாவைக் காலையிலேயே கரைத்துப் புளிக்கவிடுகிறவர் யார், பித்தளைச் சட்டியை விடாமல் வைத்திருப்பவர் யார் என்று விசாரியுங்கள். யூலின் வட்டாரத்துச் சந்து ஒன்றில் ஓர் அம்மையாரைக் கண்டேன். அவர் மாவில் வெல்லம் சற்றுக் குறைவு. ஓரம் முறுகுகிற பதம் மட்டும் சரியாக இருந்தது. அங்கே மூன்று மாலைகள் போனேன். இப்போது என் நோட்டில் அவருக்கும் ஒரு பக்கம் உண்டு.

பத்தாம் படி: கிளம்பும் முன்

கிடைத்த ஒவ்வொரு கடையின் முகவரியையும் சீன எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வரைபடச் செயலியில் குறியிட்டால் மட்டும் போதாது, செயலியில் கடை இருக்கும், தரையில் இருக்காது. கடைக்காரரின் அல்லது அவர் பிள்ளைகளின் வீசாட் தொடர்பைக் கேளுங்கள். தயங்க வேண்டாம், அங்கே அது வெகு இயல்பு.

வாங்கி வர வேண்டியவை இரண்டே இரண்டு: உறையிட்ட பீஷியேன் தோபான்ஜியாங்கும் முழு ஹுவாஜியாவும். ஹுவாஜியாவைக் கையில் தேய்த்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள். எலுமிச்சைத் தோலின் மணம் அடிக்க வேண்டும், உள்ளே கறுப்பு விதைகள் நிறைய இருக்கக்கூடாது. விழுதைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், பெரிய பெட்டியில் வையுங்கள். விமானம் தியேன்ஃபு விமான நிலையத்திலிருந்து கிளம்புகிறதா என்று டிக்கெட்டைப் பாருங்கள். 2021-ல் திறந்த அந்த நிலையம் நகரிலிருந்து 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாம் பழகிய ஷுவாங்லியு விமான நிலையம் என்று நினைத்துக் கடைசிக் கிண்ணத்தை நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

நான் என் கடைசிக் காலையைச் சந்தை மாடியில் கழித்தேன். ஒரு லியாங் கேட்டேன், இரண்டு லியாங் வந்தது. நியாங் நியாங் அந்தப் படத்தைச் சுவரில், புது விலைப்பலகைக்குப் பக்கத்தில், ஒட்டுத்தாளால் ஒட்டியிருந்தார். சந்தையைப் புதுப்பிக்கப் போகிறார்களாம், மறுபடி வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே மிளகாய் வண்டலை ஒதுக்கினார். மருமகள் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, ‘உங்கள் எண்ணைச் சேர்த்துவிடுங்கள், எங்கே போகிறோம் என்று தெரிந்ததும் எழுதுகிறேன்’ என்றார்.